சிலையின் முதுகை யார் படம் எடுப்பது?

தஞ்சாவூர் அரண்மனை வளாகத்தில் உள்ள கலைக்கூடத்துக்கு அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்றிருந்தேன். திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகனத் திருமேனி அங்கேதான் இருக்கிறது. கல்வெட்டுச் சான்றைக் கொண்டு 1011ஆம் ஆண்டு என்று காலம் சொல்லப்படும் சோழர் செப்புப் படிமம் அது. பாம்புகளால் தலைப்பாகைபோல் சுற்றிக் கட்டிய சடை. ஒரு காலை மற்றொரு காலின் குறுக்கே வைத்து ஓய்வாக நிற்கும் நிலை. எதன்மீதோ ஊன்றியிருப்பதுபோல் காற்றில் நிற்கும் ஒரு கை. அந்தக் கைக்குக் கீழே இருந்திருக்க வேண்டிய எருது காணாமல்போய் எவ்வளவு காலம் ஆயிற்றோ!

கல்லூரி மாணவர்கள் பத்துப் பேர் உள்ளே வந்தார்கள். ஒவ்வொருவராகச் சிலைக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். கைபேசி உயர்ந்தது, சிரித்தார்கள், அடுத்தவருக்கு இடம் விட்டார்கள். ஒருவர்கூடச் சிலையை நேருக்கு நேர் பார்த்ததாகத் தெரியவில்லை. ‘இந்தத் தலைமுறை’ என்று தொடங்கும் வழக்கமான புலம்பல் ஒன்று எனக்குள் தயாராகிக்கொண்டிருந்தது. அப்போது ஒரு மாணவன், படத்துக்காகச் சிவனைப் போலவே நிற்க முயன்றான். காலைக் குறுக்கே வைத்தான், கையை உயர்த்தினான், தடுமாறினான். பக்கத்தில் இருந்தவனின் தோளில் கையை ஊன்றிய பிறகுதான் அவனால் நிற்க முடிந்தது. உடனே திரும்பிச் சிலையைப் பார்த்துக் கேட்டான்: “டேய், இவரு எதுமேலடா கைய வச்சிருக்காரு?”

பத்துப் பேரும் அதன் பிறகுதான் திரும்பினார்கள். விளக்கப் பலகையைப் படித்தார்கள். எருது இல்லாத இடத்தைச் சுட்டிக்காட்டித் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நான் என் புலம்பலை விழுங்கிக்கொண்டேன்.

அருங்காட்சியகங்களில் கைபேசியால் படம் எடுப்பதைத் தடுக்க வேண்டும் என்ற குரல் உலகம் முழுவதும் அவ்வப்போது எழுகிறது. மக்கள் பணத்தில் நடக்கும் இடத்தில் மக்கள் படம் எடுக்கக் கூடாதா என்ற எதிர்க்குரலும் உடனே எழுகிறது. தடைக்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், சில வலுவாக இருக்கின்றன, சில வெறும் பழக்கமாகத் தொடர்கின்றன. நமக்கே உரிய ஒரு காரணம் மட்டும் இந்த விவாதத்தில் பேசப்படுவதே இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால், மற்றவற்றைக் கடந்துதான் அதற்கு வர முடியும்.

முதலில், ஒளி. ‘பிளாஷ் போட்டால் ஓவியம் கெட்டுவிடும்’ என்பதைப் பள்ளிச் சுற்றுலாக் காலத்திலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஒளி பொருள்களைக் கெடுக்கும் என்பது உண்மைதான். சாயமேற்றிய துணி, காகிதம், நீர்வண்ண ஓவியம் போன்றவற்றைச் சுமார் 50 லக்ஸ் அளவு மங்கிய வெளிச்சத்திலும், எண்ணெய் வண்ண ஓவியங்களைச் சுமார் 200 லக்ஸ் அளவிலும் வைப்பது அருங்காட்சியகங்களின் பொது நடைமுறை. நண்பகல் வெயிலில் வெளியே நின்றால் நம்மீது விழுவது ஒரு லட்சம் லக்ஸை நெருங்கும். ஆனால், சேதத்தை முடிவுசெய்வது வெளிச்சத்தின் கூர்மை மட்டுமன்று, அது எவ்வளவு நேரம் விழுகிறது என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். கேமராவின் பளிச்சொளி ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே நீடிப்பது. லண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் ஆய்வாளர்கள் 1990களில் வண்ண மாதிரிகளின்மீது பல லட்சம் முறை பளிச்சொளியைப் பாய்ச்சிச் சோதித்தார்கள். காட்சிக்கூடத்தின் சாதாரண விளக்கொளியில் நீண்ட காலம் இருப்பதால் ஏற்படும் மாற்றத்தைவிடப் பெரிதாக எதுவும் நிகழவில்லை. அந்தக் கூடமே 2014இல் பார்வையாளர்கள் பளிச்சொளி இல்லாமல் படம் எடுத்துக்கொள்ள அனுமதி வழங்கிவிட்டது.

கல்லுக்கும் செம்புக்கும் ஒளியால் பாதிப்பில்லை. ஜன்னல் வழியே நாள்தோறும் மாலை வெயில் விழும் இடத்தில் ஒரு பழைய பட்டுத்துணியை மாட்டிவைத்துவிட்டு, கைபேசிக்குத் தடை என்று கீழே எழுதிவைப்பதில் பொருளில்லை. ஆயினும், அஜந்தா போன்ற இருண்ட குகைகளில் இருக்கும் சுவரோவியங்கள் விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கையைக் குறைசொல்ல மாட்டேன். பளிச்சொளி பக்கத்தில் நிற்பவரின் கண்ணைக் கூசச்செய்கிறது, கண்ணாடிப் பேழையில் பட்டுத் திரும்பி எடுத்தவரின் படத்தையும் கெடுக்கிறது. அதைத் தடுக்க அந்த ஒரு காரணமே போதும்.

நம் நாட்டில் இந்திய தொல்லியல் துறை 2018 ஜூலையில், தன் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னங்களில் அஜந்தா குகைகள், லே அரண்மனை, தாஜ் மஹாலின் கல்லறைக்கூடம் ஆகியவை தவிர மற்ற எல்லாவற்றிலும் படம் எடுக்கலாம் என்று அறிவித்தது. அதன் பிறகும் பல இடங்களில் காவலாளியின் மனநிலையே விதியாக இருக்கிறது. ஒரு கூடத்தில் (பெயர் வேண்டாம்) கல்வெட்டு ஒன்றை எடுக்க முனைந்த என்னைத் தடுத்த காவலர், அதே கல்வெட்டின்மீது சாய்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்ட குடும்பத்தைக் கண்டுகொள்ளவில்லை. கேட்டபோது, “அவங்க ஃபேமிலி போட்டோ எடுக்கறாங்க, நீங்க கல்லையில்ல எடுக்கறீங்க” என்றார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. கல்லைத் தனியாகப் படம் எடுப்பவன் ஐயத்துக்குரியவன் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் நினைவு. படம் எடுப்பவர் பார்ப்பதில்லை, பார்க்காதது நினைவில் நிற்பதில்லை என்பது குற்றச்சாட்டு. இதை அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழக உளவியலாளர் லிண்டா ஹென்கெல் சோதித்துப் பார்த்தார். மாணவர்களை ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்று, சில பொருள்களைப் படம் எடுக்கவும் சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொன்னார். மறுநாள் கேட்டபோது, படம் எடுத்தவற்றைப் பற்றிய நினைவு மங்கலாகவே இருந்தது. கேமரா நினைவில் வைத்துக்கொள்ளும் என்று மூளை பொறுப்பைத் தட்டிக்கழித்துவிடுகிறது. 2014இல் வெளியான இந்த ஆய்வை ஊடகங்கள் கொண்டாடின. ஆனால், அதே ஆய்வின் இரண்டாம் பகுதியைப் பலர் சொல்லாமல் விட்டார்கள். பொருளின் ஏதேனும் ஒரு நுணுக்கத்தை நெருக்கமாக எடுக்கச் சொன்னபோது இந்த இழப்பு ஏற்படவில்லை. நெருக்கமாக எடுக்காத பகுதிகள்கூட நினைவில் நின்றன.

2017இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் சுவையானது. எட்ருஸ்கன் தொல்பொருள் கண்காட்சி ஒன்றில், ஒலிவழிகாட்டியைக் கேட்டுக்கொண்டே சுற்றியவர்களில் ஒரு பகுதியினருக்குத் தாங்கள் விரும்பியதை விரும்பியபடி படம் எடுக்க உரிமை கொடுத்தார்கள். கேமரா இல்லாதவர்களைவிட அவர்களுக்குக் கண்ணால் கண்டது நன்றாக நினைவிருந்தது. காதால் கேட்டது குறைந்துபோயிற்று. எதை எடுப்பது என்று தானே தேர்ந்தெடுப்பவர், தேர்ந்தெடுப்பதற்காகவாவது பார்க்க வேண்டியிருக்கிறது. சொன்னதை எடுப்பவருக்கும், எல்லோரும் எடுப்பதால் எடுப்பவருக்கும் அந்த வேலை இல்லை. தஞ்சையில் அந்த மாணவன் தடுமாறியதும் இப்படி ஒரு தேர்வினால்தான். மற்றவர்கள் நின்றதுபோல் நிற்காமல், சிலை நின்றதுபோல் நிற்க அவனுக்குத் தோன்றியது.

மூன்றாவது, நெரிசலும் விபத்தும். இதில் தடை கேட்பவர்களின் பக்கம் நியாயம் அதிகம். பாரிஸ் லூவ்ரில் மோனாலிசா 77 செ.மீ. உயரமும் 53 செ.மீ. அகலமும் கொண்ட சிறிய படம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 பேர் அதன் முன் வந்து கைபேசியை உயர்த்துகிறார்கள். எதிர்ச்சுவரில் வெரொனேசே வரைந்த ‘கானாவூர்க் கல்யாணம்’ ஏறத்தாழ 70 சதுர மீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கிறது. பெரும்பாலோர் அதற்கு முதுகைக் காட்டியே நிற்கிறார்கள். கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை என்று 2025 ஜூனில் அந்த அருங்காட்சியக ஊழியர்களே வேலையை நிறுத்தினார்கள். அதே மாதம் ஃப்ளாரன்ஸின் உஃபிஸி கூடத்தில், மெடிச்சி இளவரசர் ஒருவரின் ஓவியத்தின் முன் அவரைப் போலவே நின்று படம் எடுக்க முயன்ற பார்வையாளர் பின்னால் சாய்ந்து, 18ஆம் நூற்றாண்டுத் துணித்திரையைக் கிழித்துவிட்டார். தஞ்சை மாணவன் செய்ததும் உஃபிஸி பார்வையாளர் செய்ததும் ஒரே காரியம்தான் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. ஒருவருக்குக் கை ஊன்ற நண்பனின் தோள் கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை. இடைவெளியும் கயிறும் போதிய காவலர்களும் இருந்தால் தடுக்கக்கூடிய விபத்துகள் இவை.

நான்காவது, உரிமை. உயிரோடு இருக்கும் கலைஞரின் படைப்பு, கடனாகப் பெற்று வைத்த பொருள் ஆகியவற்றில் படத்தடை நியாயமானது. சில தடைகளுக்குப் பின்னால் வேறு கதைகள் உண்டு. வாடிகனின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் சுவரோவியங்களைச் செப்பனிட 1980களில் ஒரு ஜப்பானியத் தொலைக்காட்சி நிறுவனம் பணம் கொடுத்துப் படமெடுக்கும் தனியுரிமையைப் பெற்றது. அந்த உரிமை என்றோ காலாவதியாகிவிட்டது. தடை இன்றும் நீடிக்கிறது.

இனி, நமக்கே உரிய காரணத்துக்கு வருகிறேன். அருங்காட்சியகத்தில் படமெடுப்பது கைபேசியோடு வந்த புதுப்பழக்கம் என்று நாம் நினைக்கிறோம். சென்னையில் அது 1858இலேயே தொடங்கிவிட்டது. மதராஸ் அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், தஞ்சை, மதுரைக் கோயில்களைப் படமெடுத்த அதே ஆண்டில், மதராஸ் மத்திய அருங்காட்சியகத்தில் இருந்த அமராவதிப் பௌத்தச் சிற்பங்களையும் ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார். அடுத்த ஆண்டே அவற்றில் பெரும்பகுதி கப்பலேறி லண்டன் போய்விட்டது. இன்று அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அவை இங்கே இருந்த நிலைக்கு டிரைப்பின் படங்களே சாட்சி. நம் மண்ணில் அருங்காட்சியக ஒளிப்படம் பிறந்ததே ஊரைவிட்டுப் போகவிருந்த பொருள்களின் சாட்சியாகத்தான்.

இந்தச் சாட்சியத்தின் மதிப்பு முழுமையாகப் புரிந்தது ஒரு நூற்றாண்டு கழித்து. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1950களின் நடுப்பகுதியிலிருந்து தமிழகக் கோயில்களையும் அவற்றில் உள்ள கல், செப்புத் திருமேனிகளையும் படம் எடுக்கத் தொடங்கியது. கலை வரலாற்று ஆய்வுக்காகச் சேர்க்கப்பட்ட அந்தத் தொகுப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. அவற்றை எடுத்தவர்கள், இவை ஒருநாள் திருட்டு வழக்கில் ஆதாரமாகும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள்.

தரங்கம்பாடி அருகே ஆனந்தமங்கலம் பெருமாள் கோயிலில் 1978இல் ராமர், லட்சுமணர், சீதை திருமேனிகள் களவுபோயின. அவை பிரிட்டனில் இருப்பது கண்டறியப்பட்டபோது, ‘இவைதான் அவை’ என்று உறுதிப்படுத்தியவை பிரெஞ்சு நிறுவனம் 1958இல் எடுத்த படங்கள். 2020 செப்டம்பரில் லண்டனில் அவை இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டன. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து கடத்தப்பட்ட நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. கோயிலில் எடுத்த பழைய படமும் கலைக்கூடத்தில் இருந்த சிலையின் படமும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டபோது மறுப்பதற்கு இடமில்லாமல் போயிற்று. 2014இல் நடராஜர் திரும்பினார்.

என்னை மிகவும் உலுக்கியது திருமங்கையாழ்வாரின் கதை. கும்பகோணம் அருகேயுள்ள சுந்தரபெருமாள்கோயில் என்ற ஊரின் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் இருந்த ஆழ்வார் திருமேனியை, ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967இல் ஏலத்தில் வாங்கியது. கோயிலில் திருட்டுப்போனதாக எந்தச் சலசலப்பும் இல்லை. ஏனென்றால், அங்கே ஓர் ஆழ்வார் இருந்தார். அவருக்குப் பூசையும் நடந்தது. 1957இல் பிரெஞ்சு நிறுவனம் எடுத்த படத்தை ஆய்வாளர் ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே, ஆக்ஸ்போர்டில் இருப்பது அசல், கோயிலில் இருப்பது போலி என்பது தெரியவந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு ஊர் மாற்றுச் சிலையை அறியாமல் வணங்கியிருக்கிறது. 2024இல் அசலைத் திருப்பித் தர ஆக்ஸ்போர்டு ஒப்புக்கொண்டது. அந்த ஒரு படம் இல்லாவிட்டால் இவற்றில் எதுவுமே நடந்திருக்காது.

படம் எப்படி இவ்வளவு உறுதியான சாட்சியாகிறது? சோழர் செப்புத் திருமேனிகள் மெழுகு வார்ப்பு முறையில் செய்யப்பட்டவை. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறிய பிறகு மண்கருவை உடைத்தால்தான் சிலையை வெளியே எடுக்க முடியும். ஒரு கருவுக்கு ஒரு சிலைதான். எனவே, ஒரே இலக்கணத்தில் செய்த இரண்டு நடராஜர்கள்கூட ஒருவரையொருவர் அச்சாக ஒத்திருப்பதில்லை. திருவாசியின் ஒரு சுடர் வளைந்திருக்கும், பீடத்தின் ஒரு மூலை தேய்ந்திருக்கும், முதுகில் விழும் சடையின் ஒரு புரி உடைந்திருக்கும். வார்ப்பில் நேர்ந்த சிறு பள்ளம் ஒன்று, ஒருவரின் உடலில் உள்ள மச்சம்போல ஆயிரம் ஆண்டாக அதே இடத்தில் இருக்கும். சில பீடங்களில் எழுத்தே பொறிக்கப்பட்டிருக்கும். அடையாளம் காண்பவர்கள் தேடுவது இவற்றைத்தான். முகத்தை மட்டும் பார்த்து முடிவுசெய்ய முடியாது. முகம் இலக்கணப்படி செய்யப்பட்டது, எனவே பொதுவானது. கோயிலில் பட்டும் மாலையும் நகையும் சூடிய அலங்காரக் கோலத்தில் எடுத்த படம் இந்த வேலைக்கு ஏறக்குறைய உதவாது. பக்தருக்குக் கிடைக்காத முழு உருவக் காட்சி அருங்காட்சியகப் பார்வையாளருக்குக் கிடைக்கிறது. கைபேசியும் கையில் இருக்கிறது. அவர் எடுப்பதோ, தன் முகம் முன்னாலும் சிலையின் முகம் பின்னாலும் வரும் ஒரு படத்தை.

ஐகாம் எனப்படும் உலக அருங்காட்சியகங்கள் மன்றம் பரிந்துரைக்கும் ‘ஆப்ஜெக்ட் ஐடி’ என்ற ஆவணமுறையில் முதல் கட்டளையே ‘படம் எடுங்கள்’ என்பதுதான். முழுப் பொருளையும் எடுப்பதோடு எழுத்து, குறி, சேதம், பழுதுபார்த்த தடம் ஆகியவற்றை நெருக்கமாகவும் எடுக்கச் சொல்கிறது. சிங்கப்பூரில் வாழும் எஸ்.விஜய் குமாரும் அனுராக் சக்சேனாவும் தொடங்கிய ‘இந்தியா பிரைடு புராஜெக்ட்’ தன்னார்வலர்களின் பணியும் இத்தகைய படங்களை நம்பியே நடப்பது. அரசு ஆவணத்தில் இல்லாத ஒரு கோணம், எங்கோ ஒரு ஆர்வலர் எடுத்த படத்தில் இருக்கக்கூடும்.

களவு மட்டும்தான் காரணம் என்றில்லை. 2018 செப்டம்பர் 2ஆம் தேதி இரவு ரியோ டி ஜெனிரோவில் பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் தீப்பற்றி எரிந்தது. சுமார் 2 கோடி பொருள்களைக் கொண்ட சேகரிப்பின் பெரும்பகுதி சாம்பலானது. மறுநாளே அங்குள்ள பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகவியல் மாணவர்கள் மக்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்கள்: நீங்கள் அங்கே எடுத்த படங்களை அனுப்புங்கள், செல்ஃபியானாலும் பரவாயில்லை. ஆயிரக்கணக்கில் படங்கள் வந்து குவிந்தன. 2015இல் மோசுல் அருங்காட்சியகச் சிற்பங்களை ஐஎஸ் தீவிரவாதிகள் சம்மட்டியால் உடைத்தபோதும், முன்னர் அங்கே சென்றவர்கள் எடுத்த சாதாரணப் படங்களைத் திரட்டித் தன்னார்வலர்கள் கணினியில் முப்பரிமாண உருவங்களை மீட்டெடுத்தார்கள். ஒரு சிலையின் முப்பரிமாண உருவம் அமைய எல்லாப் பக்கமும் வேண்டும். எல்லோரும் எடுத்த முன்பக்கப் படம் ஆயிரம் இருந்தாலும், யாரும் எடுக்காத பின்பக்கம் வெற்றிடமாகவே இருக்கும்.

இதை வைத்துக்கொண்டு, பார்வையாளர் எல்லோரும் துப்பறிவாளராக வேண்டும் என்று சொல்ல வரவில்லை. ஆவணப்படுத்துவது அருங்காட்சியகத்தின் வேலை. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியம், ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ ஓவியத்தை 8,439 துண்டுகளாகப் படமெடுத்து இணைத்து, 71,700 கோடிப் புள்ளிகள் கொண்ட ஒரே படமாக 2022இல் வெளியிட்டது. எவரும் வீட்டில் இருந்தபடியே தூரிகையின் ஒற்றைக் கீற்றுவரை நெருங்கிப் பார்க்கலாம். இப்படி ஒரு படம் இலவசமாகக் கிடைக்கும்போது, கூட்டத்தில் தலைகளுக்கு மேல் கையை உயர்த்தி மங்கலான ஒன்றை எடுக்க வேண்டிய தேவை குறைகிறது. அதே ரைக்ஸ் மியூசியம் 2015இல் பார்வையாளர்களிடம் காகிதமும் பென்சிலும் கொடுத்து, படம் எடுப்பதற்குப் பதில் வரைந்து பாருங்கள் என்று அழைத்தது. தடை விதிக்காமலேயே பார்க்க வைக்கும் வழி அது. வரையும் கை, எருது இல்லாததைக் கண்டிப்பாகக் கவனிக்கும்.

நம் அருங்காட்சியகங்களில் நான் எதிர்பார்ப்பது இவ்வளவு செலவுபிடிக்கும் காரியமன்று. செப்புத் திருமேனிகள் வீதியுலா வந்தவை. நான்கு பக்கமும் மக்கள் நின்று பார்ப்பதற்காக, முதுகும் முழுமையாகச் செதுக்கி முடிக்கப்பட்டவை. பல கூடங்களில் அவற்றைச் சுவரை ஒட்டிய கண்ணாடிப் பேழையில், சுவரோவியம்போல் முன்பக்கம் மட்டும் தெரிய வைத்திருக்கிறோம். பேழையைச் சுவரிலிருந்து மூன்று அடி முன்னே தள்ளிவைத்தால் போதும். அது முடியாத இடத்தில் பின்னால் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைக்கலாம். ‘படம் எடுக்காதீர்’ என்ற பலகைக்குப் பதிலாக, ‘பளிச்சொளி வேண்டாம், பீடத்தையும் முதுகையும் பார்த்தீர்களா?’ என்று ஒரு பலகை வைக்கலாம். பள்ளிப் பிள்ளைகள் வரும்போது, ஒவ்வொருவரும் ஒரே ஒரு சிலையைத் தேர்ந்தெடுத்து ஐந்து கோணங்களில் படம் எடுத்து வரச்சொல்லலாம். ஒரு சிலைக்கு ஐந்து படம் எடுக்க வேண்டுமென்றால், சுற்றிவந்துதான் தீர வேண்டும்.

இவ்வளவும் எழுதிய பிறகு என் கைபேசியைத் திறந்து பார்த்தேன். பத்தாண்டுகளில் நான் சென்ற அருங்காட்சியகங்களின் படங்கள் முன்னூற்றுச் சொச்சம் இருந்தன. எல்லாம் முன்பக்கம். சரிபாதியில் நானோ என் குடும்பத்தாரோ நிற்கிறோம். விளக்கப் பலகையைச் சேர்த்து எடுத்தவை பத்துக்கும் குறைவு. எந்த ஊர்ச் சிலை என்றே சொல்ல முடியாத படங்கள் பல. ஒரு சிலையின் முதுகுகூட இல்லை.

அடுத்த வாரம் மீண்டும் தஞ்சாவூர் சென்றேன். கூட்டமில்லாத புதன்கிழமை காலை. ரிஷபவாகனரின் முன் சற்று நேரம் கைபேசியை எடுக்காமல் நின்றேன். பிறகு பக்கவாட்டில் போய், கிடைத்த இடுக்கில் குனிந்து, தோளுக்குப் பின்னால் தெரிந்த அளவுக்கு எடுத்தேன். பீடத்தை எடுத்தேன். எருதின்மேல் இருந்திருக்க வேண்டிய அந்தக் கையின் அடிப்பக்கத்தை எடுத்தேன். காவலர் ஒருவர் நெடுநேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அருகில் வந்தார். தடுக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

“அந்தப் பக்கம் யாரும் எடுக்க மாட்டாங்களே சார்,” என்றார். பிறகு, கண்ணாடியில் விழுந்த ஜன்னல் வெளிச்சத்தை மறைக்கத் தானே நகர்ந்து நின்றுகொண்டு, “இப்ப எடுங்க” என்றார்.